பதினெட்டுப் பல் பினியன்

நிஷா சென்னைப் பக்கம் நூம்பலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாகத் தங்கி, ஐடி கம்பெனியில் வேலை பார்த்துவந்தாள். ரிமோட் கார் என்றால் அவளுக்கு உயிர். அவளோடு ஒரே டீமில் இருந்த ஜுல்ஃபிகருக்கும் அதே கிறுக்கு, பூந்தமல்லிக்காரன். இருவரும் சேர்ந்து வாங்கிய கார் ஒன்று இருந்தது, முழங்கை நீளத்துக்கு. அதன் பழைய மோட்டார் எரிந்துபோனதால் புதிதாக பிரஷ்லெஸ் வகை மோட்டார் ஒன்று போட வேண்டியிருந்தது.

எதைப் போடுவது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மோட்டார் மேல் கேவி என்று ஓர் எண் போட்டிருக்கும். அது கூடக் கூட மோட்டார் வேகமாகச் சுற்றும். மோட்டாரின் முனையில் மாட்டுகிற சின்னப் பல்சக்கரம்தான் பினியன். அதில் பல் கூடினால் காரின் வேகமும் கூடும், மோட்டார் படும் பாடும் கூடும். குறைந்த கேவி போதும், பினியன் பதின்மூன்று பல்லோடு இருக்கட்டும் என்றாள் நிஷா. நாலாயிரம் கேவி, பதினெட்டுப் பல் என்று பிடிவாதம் பிடித்தான் ஜுல்ஃபிகர். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் மோட்டார் வெந்துவிடும் என்று அவள் சொல்லிப்பார்த்தாள். ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு மாற்றிவிடலாம் என்று அவன் கெஞ்சினான். உள்ளுக்குள் அவளுக்கும் ஆசைதான். சரி என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்திலிருந்த புது லேஅவுட்டுக்குப் போனார்கள். மனைகளுக்குக் கல் நட்டிருந்தது, வீடுகள் இன்னும் வரவில்லை. சிமெண்ட் சாலை நேராக ஓடி, கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் முன்னால் முடிந்தது. இன்று வேலை நடக்காது, ஆள் இருக்காது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ரிமோட் நிஷாவின் கையில் இருந்தது. விசையை முழுக்க அழுத்தினாள். கார் கிளம்பியது கண்ணில் படவே இல்லை; பார்த்தபோது பாதிச் சாலையைத் தாண்டியிருந்தது. போதும் என்று விசையை விட்டாள். கார் நிற்கவில்லை. பிரேக் பிடித்தாள். அதற்கும் நிற்கவில்லை. திருப்பினாள், திரும்பவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரிமோட் எட்டும் தூரத்தைக் கார் தாண்டிவிட்டது. பழைய மோட்டாரில் அது அவ்வளவு தூரம் போனதே கிடையாது. சிக்னல் அறுந்தால் தானாக நிற்கும்படி அமைத்துவைத்திருக்க வேண்டும். அதை அவள் செய்யவில்லை. கடைசியாகக் கிடைத்த கட்டளையோடு, முழு வேகத்தில், கார் போய்க்கொண்டே இருந்தது.

கதவு வைக்காத வாசலுக்குள் அது நுழைந்தது. உள்ளே ஏதோ சரிந்து விழுந்தது. அடுத்த நொடி ஒரு குழந்தை வீறிட்டது.

நிஷா ரிமோட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். ஜுல்ஃபிகர் பின்னால் ஓடிவந்தான். சாலை முடியவே இல்லை. அந்த வேகத்தில் அந்த எடை ஒரு குழந்தையின் மேல் மோதினால் என்ன ஆகும் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அழட்டும், அழும்வரை உயிரோடு இருக்கிறது என்று ஓடினாள். வாசலை நெருங்கும்போது அழுகை சட்டென்று நின்றது.

அவளுக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. ஜுல்ஃபிகர் வந்து மோதியதில்தான் உள்ளே போனாள்.

ஒரு பெண் தரையில் உட்கார்ந்து குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். அங்கே காவலுக்கு இருந்தவனின் மனைவி, பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. அவள் தலைக்கு மேல் ஒரு புடவைத் தூளி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. தூளிக்கு அந்தப் பக்கம் செங்கல் அடுக்கு சரிந்து கிடந்தது. கார் அதற்குள் சிக்கி, சக்கரம் சுற்ற வழியில்லாமல் உறுமியது. புகை வந்தது. பேட்டரி உப்பியிருந்தது.

உப்பின பேட்டரி வெடித்து எரியும் என்று நிஷாவுக்குத் தெரியும்.

"அக்கா, குழந்தையைத் தூக்கிட்டு வெளிய போங்க," என்றாள்.

அஞ்சலை கேள்வி கேட்காமல் எழுந்து போனாள். நிஷா செங்கல்லைத் தள்ளிக் காரை இழுத்தாள். ஒயர் இளகிப்போய் விரலில் ஒட்டியது. பிடுங்கினாள், வரவில்லை, இன்னொரு தடவை பிடுங்கினாள். பேட்டரி தனியாக வந்தது. வெளியே ஓடி மணல் குவியலில் எறிந்தாள். அது சீறிக்கொண்டு எரிந்தது. ஜுல்ஃபிகர் இரண்டு கையாலும் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். எரிவது நின்ற பிறகும் போட்டுக்கொண்டிருந்தான்.

குழந்தைக்கு அடி எதுவும் இல்லை. அதன் காலையும் கையையும் தலையையும் நிஷா தடவித் தடவிப் பார்த்தாள். அது அவளைப் பார்த்து மறுபடி அழ ஆரம்பித்தது.

"தூளிக்கு அடிலதான் பூந்துகினு போச்சு," என்றாள் அஞ்சலை. "இத்தினி நேரம் கொயந்த கீய பாய்லதான் படுத்துகினு இருந்துச்சு. இப்பத்தான் தூக்கித் தூளில போட்டேன்."

அதைக் கேட்டதும் நிஷா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டது ஜுல்ஃபிகர்தான். அஞ்சலை திட்டவில்லை. நிஷாவின் விரல்களைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். இனிமேல் இந்தப் பக்கம் இதை ஓட்டவே கூடாது என்று மட்டும் சொன்னாள்.

விரல் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. ஆபீஸில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த அழுகையும் அது நின்றுபோனதும் திடீரென்று காதில் கேட்கும்.

காரை விற்றுவிடலாம் என்றாள். ஜுல்ஃபிகர் வேண்டாம் என்றான். குறைந்த கேவி மோட்டாரையும் சின்னப் பினியனையும் அவனே வாங்கிவந்து மாட்டினான். சிக்னல் போனால் நிற்கும்படி நிஷா அமைத்தாள். காரைக் கையில் தூக்கிப் பிடித்து, சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிமோட்டை அணைத்தாள். சக்கரம் நின்றது. நம்பாமல் மறுபடி செய்தாள். ஜுல்ஃபிகர் போதும் என்று சொல்லும்வரை செய்துகொண்டே இருந்தாள்.

திருமுல்லைவாயிலில் நாலு பக்கமும் சுவர் இருந்த ஒரு மைதானத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள். அவன் ரிமோட்டை நீட்டினான்.

"நீ ஓட்டு," என்றாள். "நான் கேட் பக்கத்துல போய் நிக்கிறேன். யாராவது உள்ள வந்தா சொல்றேன்."

கார் கிளம்பும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவள் திரும்பவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.