ஐந்தே முக்கால்

சகல உலகத்துக்கும், குறிப்பாகக் கூடைப்பந்து உலகத்துக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனித குல வரலாற்றில் முதன்முறையாக ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் அத்தனை வீரர்களும் பொதுமக்கள் முன்னிலையில் உயரம் அளக்கப்படுவார்கள். விழாத் தலைமை கழகத்தின் மாண்புமிகு தலைவர். நாள், வரும் ஞாயிற்றுக்கிழமை. அனுமதி இலவசம். உண்மை வெல்லும்.

தலைவர் இதை ஒலிபெருக்கியில் வாசித்தபோது உடைமாற்றும் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பாதம் தரையில் படவில்லை.

அவனை எல்லோரும் முக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்குக் காரணம் அவனுடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். நல்ல மனிதர். வாய்தான் அவரைக் கேட்காமல் வேலை செய்யும். எட்டு வருடத்துக்கு முன்னால் கழகத்துக்கு வேகமாக ஓடும் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல் மேலாளருக்குப் போன் போட்டார்.

"எங்க மாப்பிள்ளை மின்னல் சார். பந்தோட ஓடினா பந்துக்கே மூச்சு வாங்கும்."

"உயரம் எவ்வளவு?"

"அஞ்சு, முக்கால்."

மச்சான் சொன்னது ஐந்தடி, அதற்கு மேல் முக்கால் அங்குலம். அந்த முக்காலைக்கூட விட்டுக்கொடுக்காத நேர்மை அவருக்கு. மேலாளர் காதில் விழுந்தது ஐந்தே முக்கால் அடி. கூடைப்பந்துக்கு அதுவே குட்டைதான், ஆனாலும் பரவாயில்லை என்று தலைவரிடம் சொன்னார். தலைவர் உடனே ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டிவிட்டார்: 'வருகிறது மின்னல்! உயரம் ஐந்தே முக்கால் அடி!'

மறுநாள் மின்னல் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. மேலாளர் அவன் தலைக்கு மேலாகப் பார்த்து, "ஆள் பின்னாடி வர்றாரா?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

மேலாளர் எழுந்து வந்து, சுற்றிப் பார்த்து, தலைவர் அறைக்கு ஓடினார். தலைவர் வெளியே வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"போஸ்டர் ஒட்டியாச்சு. நம்ம கழகத்துப் போஸ்டர் பொய் சொல்லாது. இவர் அஞ்சே முக்கால்தான். உங்க கண்ணைக் காட்டுங்க டாக்டர்கிட்ட."

அன்றிலிருந்து அவன் ஐந்தே முக்கால். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஒலிபெருக்கியில் அப்படித்தான் முழங்கினார்கள். எதிரணிக்காரர்கள் நிமிர்ந்து தேடுவார்கள், பிறகு குனிவார்கள். அதற்குள் அவன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டிருப்பான். ஒரு முறை எதிரணியின் நெடிய ஆட்டக்காரன் கால்களுக்கு நடுவிலேயே புகுந்து வெளியே வந்தான். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, இதற்கு எந்த விதிப்படி ஊதுவது என்று யோசித்ததில் ஆட்டமே முடிந்துவிட்டது. பந்தைக் கூடையில் போடுவது மட்டும் அவன் வேலையில்லை. அதை நெட்டையிடம் கொடுத்துவிடுவான்.

நெட்டை அந்த அணியின் மிக உயரமான ஆள், முக்காலின் உயிர்த் தோழன். "என்னடா, கீழே மழை பெய்யுதா?" என்பான். "பெய்யுது. உன் வியர்வை," என்பான் முக்கால்.

முக்காலுக்கு ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. ஒருநாளாவது எம்பிக் குதித்து அந்த வளையத்தைக் கையால் தொட்டுவிட வேண்டும். எல்லோரும் போன பிறகு தினமும் குதித்துப் பார்ப்பான். வளையம் அவனைக் கண்டுகொண்டதே இல்லை.

இப்போது இந்த அளவீட்டு விழா. பக்கத்து ஊர்க் கழகத்தார், 'உங்கள் ஆட்கள் உயரமெல்லாம் புளுகு' என்று பத்திரிகையில் சொல்லிவிட்டார்களாம். தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அறிவித்த உயரம் இல்லாதவனுக்கு இந்த வருடம் ஒப்பந்தம் கிடையாது என்று சொல்லிவிட்டார். 'கழகத்தின் ஆறடி ஆளுமை' என்று எல்லாப் போஸ்டரிலும் போட்டுக்கொள்பவர். எப்போதும் மேடையில்தான் நிற்பார்.

முக்கால் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். வீட்டு முன்னறைதான் அவள் கடை. எட்டு வருடமாகக் கழகம் கொடுக்கும் ஜெர்சியில் கீழே ஒரு சாண் வெட்டித் தைப்பது அவள்தான்.

"எட்டேகால் அங்குலம் குறையுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்கேயிருந்து கொண்டுவரப் போறீங்க?"

"பந்தாட்டத்தை விட்டா எனக்கு என்ன தெரியும், சொல்லு."

அவள் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தார்.

"கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. தொங்கினா வளரும்."

கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முக்கால் தொங்கினான். மச்சான் கீழே காலைப் பிடித்து இழுத்தார். மனைவி நாடாவோடு நின்றாள்.

"ஏதாவது வளர்ந்திருக்கா?"

"கை வளர்ந்திருக்கு," என்றாள் அவள். "அண்ணே, அவரை விடு. உன் வாயால வந்தது. இனிமேலாவது அதை மூடிக்கிட்டு இரு."

"இனி நான் வாயே திறக்க மாட்டேன்மா," என்றார் மச்சான் ரோஷத்தோடு.

ஷூவுக்குள் மூன்று அடுக்குத் தக்கை வைத்துப் பார்த்தார்கள். முடியை எழுப்பி வாரிப் பார்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மேலாளர் எல்லோருக்கும் தகவல் அனுப்பினார்: வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும், முடியை அமுக்கித்தான் அளக்கப்படும். முக்கால் தக்கையை எடுத்துக் குப்பையில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. இலவசம் என்றால் உண்மையைக்கூடப் பார்க்க வருவார்கள். நடுவில் தச்சர் செய்த அளவுகோல், மேலே பட்டு ரிப்பன். தலைவர் அரைமணி நேரம் பேசினார்.

"உயரம் என்பது உடம்பில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது! இருந்தாலும் உடம்பிலும் அளந்துவிடுவோம்!"

மேலாளர் முதல் பெயரைக் கூப்பிட்டார். அகர வரிசையாம். முக்கால் என்பது பட்டப்பெயர்தான், சொந்தப் பெயர் அகரத்திலேயே தொடங்கித் தொலைத்தது. அவன் எழுந்தான். முன் வரிசையில் மனைவி முந்தானையைப் பிடித்துத் திருகினாள். மச்சானால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் தள்ளிப்போனால் கூரை இடிந்து விழாதா என்ற நப்பாசையில் எழுந்து நின்று கத்தினார்.

"அதெப்படி? முதல்ல நம்ம ஆறடித் தலைவரை அளங்க! அவருக்கு அப்புறம்தான் மத்தவங்க!"

கூட்டம் கைதட்டியது. "ஆறடித் தலைவர்! ஆறடித் தலைவர்!" தலைவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் கைதட்டலைக் கேட்டால் அவருக்குக் கால் தானாக நடக்கும். மேடையிலிருந்து இறங்கினார். இறங்கியதும் கொஞ்சம் காணாமல் போனார். ஷூவைக் கழற்றியதும் இன்னும் கொஞ்சம்.

மேலாளர் அளந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். மைக் முன்னால் இருந்ததை மறந்துவிட்டார்.

"அஞ்சடி நாலு அங்குலம்."

தலைவர் மெதுவாகத் திரும்பி அளவுகோலைப் பார்த்தார். துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் எத்தனை அடி?"

"ஆறடிங்க."

"கோல் என்ன சொல்லுது?"

"அஞ்சடி நாலு..."

"அப்போ கோல் எத்தனை அங்குலம் தப்பு?"

மேலாளர் அந்தக் கழகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். "எட்டு அங்குலம் தப்புங்க," என்றார்.

"கோல் சரியாத்தான் இருக்கு," என்று தச்சர் பின் வரிசையிலிருந்து முனகினார். அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

"எல்லோருக்கும் எட்டு அங்குலம் கூட்டிக்கொள்ளவும்," என்று தலைவர் ஆணையிட்டார். "உண்மை வெல்லும்!"

முக்கால் போய் நின்றான். ஐந்தடி முக்கால் அங்குலம். எட்டைக் கூட்டினால் ஐந்தடி எட்டே முக்கால். ஐந்தே முக்கால் அடிக்கு இன்னும் கால் அங்குலம் வேண்டும். மேலாளர் மைக்கில் அறிவித்தார்.

"இவருக்குக் கால் குறைகிறது!"

அரங்கம் முழுக்க அவன் கால்களைப் பார்த்தது. "அது எங்களுக்கு முன்னாடியே தெரியுமே!" என்று ஒரு குரல். சிரிப்பு அடங்கவே இல்லை. முக்கால் தலைவரைப் பார்த்தான். இருவர் கண்ணும் ஏறக்குறைய நேருக்கு நேர் சந்தித்தன. தலைவருக்கு அது பிடிக்கவில்லை.

"காலையில் அளந்திருந்தால் சரியாக இருந்திருக்கும். சாயங்காலம் மனுஷன் கொஞ்சம் அமுங்குவான்," என்றார் அவசரமாக. "தேர்ச்சி! அடுத்த ஆள்!"

நெட்டைக்கு ஆறடி பத்து, கூட்டினால் ஏழரை. "எனக்கு ஏழரையா?" என்று அலறினான் அவன். "நான் என்ன பாவம் செஞ்சேன்?"

இப்படியாக அணி முழுவதும் ஒரே சாயங்காலத்தில் வளர்ந்துவிட்டது. முக்கால் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். மேஜை உயரம் என்பதால் நாற்காலியில் ஏறி நின்று போட்டான். மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பார்த்தியா, நான் வாயைத் திறந்ததால வந்தது," என்றார் மச்சான். அவளால் மறுக்க முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம்.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. மேலாளர் கடமை உணர்ச்சியில் அதே கோலால் வளையத்தையும் அளந்தார். பத்தடி. எட்டைக் கூட்டினால் பத்தடி எட்டு. விதிப்படி பத்துதான் இருக்க வேண்டும். தலைவர் வளையத்தை எட்டு அங்குலம் இறக்கச் சொன்னார். முக்கால் வளையத்தை அண்ணாந்து பார்த்தான்.

வருடத்தின் முதல் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்ததும், அவன் முதன்முறையாக அதை நெட்டையிடம் கொடுக்கவில்லை. ஓடினான். எம்பினான். கையை நீட்டினான்.

எட்டவில்லை. எதிரணியில் எல்லோருக்கும் எட்டியது.