சொம்புக்கும் இன்டர்லாக்குக்கும் நடந்த போர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பாத்திரக் கடையில் கிடைத்தது. புது வீட்டில் பால் காய்ச்சப் பித்தளைப் பானை வாங்கத் திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் போயிருந்தேன். பானையில் என் பெயரை வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் லிங்கசாமி, நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் மெஷினை நிறுத்தினார்.

"ஏனுங்க்கா, போர்க் கதையெல்லாம் எழுதுவீங்களா? நானும் ஒரு போர்ல இருந்தேனுங்க."

ராணுவத்தில் இருந்தவர் என்று நினைத்து மரியாதையாக உட்கார்ந்தேன். அவர் சொன்னது இன்டர்நெட் விளையாட்டில், 2008இல், பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர் நடத்திய போர். எழுந்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் பானையில் என் பெயர் பாதிதான் வெட்டியிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[கோட்டை மதில்மேல் நின்று லிங்கசாமி எதிரிப் படையைப் பார்த்தான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை குதிரைப் புழுதி—]

அடித்துவிட்டேன். அந்த விளையாட்டில் குதிரையும் கிடையாது, புழுதியும் கிடையாது. ஒரு வரைபடம், அதில் கட்டம் கட்டமாகக் கோட்டைகள், பக்கத்தில் எண்கள், அவ்வளவுதான். படையை அனுப்பினால் போய்ச் சேர அரை நாள் ஆகும். அதுவரை அவரவர் வேலையைப் பார்க்கலாம். அதனால்தான் வேலைக்குப் போகிறவர்கள் அதை விளையாடினார்கள்.

2

எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து விளையாடிய அந்த விளையாட்டில், திருப்பூர்க்காரர்கள் மட்டும் இரண்டு அணியாகப் பிரிந்து நின்றார்கள். அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைப் பையன்களின் அணி 'வேங்கை'. நல்லூர்ப் பக்கத்து பனியன் கம்பெனி ஆபீஸ்காரர்களின் அணி 'பருந்து'. வரைபடத்தின் நடுவில் ஒரு பெரிய கோட்டை. சீசன் முடியும்போது அது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு வெற்றி. பரிசு ஒன்றும் கிடையாது. ஜெயித்த அணியின் பெயர் ஒரு இணையப் பக்கத்தில் நிற்கும்.

வேங்கைக்கு லிங்கசாமி தலைவர். அப்போது அவர் அப்பாவின் பட்டறையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'சொம்பு'. பருந்தின் தலைவர் பெயர் 'இன்டர்லாக்'.*

(* பனியன் துணியில் ஒரு வகை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இதற்கு உள்ளர்த்தம் தேட வேண்டாம். பெயர் கேட்டபோது மேசையில் கிடந்த துணி அது.)

விளையாட்டுக்குள்ளேயே இரு தரப்பும் எழுதிப் படிக்கிற பொதுப் பலகை ஒன்று இருந்தது. இன்டர்லாக் ஒரு தடவை துவைத்தால் சுருங்கிவிடும் என்று சொம்பு எழுதுவார். சொம்பைப் புளி போட்டுத் தேய்க்கிற நாள் வந்துவிட்டது என்று இன்டர்லாக் பதில் எழுதும். இதைப் படிக்கவே இரு பக்கமும் ஆட்கள் வருவார்கள். தலைவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

3

இன்டர்லாக் ஒரு பெண். பெயர் பூங்குழலி. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் தையல் யூனிட்டுக்கும் நடுவில் நின்று நாள் முழுக்க மெயில் அடிக்கிற வேலை.

கதையின் முதல் பிரதியைப் படித்த என் தோழி இந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்றாள். ஆணாக மாற்று, இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் காதல் வைத்துவிடு என்றாள். எனக்கே சந்தேகம் வந்து, லிங்கசாமியிடம் நம்பர் வாங்கிக்கொண்டு மடத்துக்குளத்துக்குப் போனேன். கல்யாணமாகி அங்கே போன பூங்குழலி இப்போது குடும்பத்தின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார்.

"படம் போட்ட எக்செல் ஷீட்டுங்க அது," என்றார். "எனக்கு வேலையே அதுதானுங்களே."

ஆகவே பாத்திரத்தை மாற்றவில்லை.

பருந்தில் அவருக்கு அடுத்த இடம் சரவணக்குமாருக்கு. கம்பெனி முதலாளியின் அண்ணன் மகன், ஆபீசில் மேனேஜர். விளையாட்டில் பூங்குழலி சொல்வதை அவர் கேட்பார். ஆபீசில் அவர் சொல்வதைப் பூங்குழலி கேட்பார். அந்த ஏற்பாடு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

4

அந்த ஆண்டு மின்வெட்டு கடுமையாக இருந்தது. ஏரியா வாரியாக நேரம் சொல்லி நிறுத்துவார்கள். கம்பெனிகளில் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அனுப்பர்பாளையத்துப் பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கிற அளவுக்கு ஒரு யூபிஎஸ் மட்டும் இருந்தது.

சீசன் முடியப்போகிறது. நடுக்கோட்டை வேங்கையிடம். எதிரிப் படை நெருங்கிய பிறகுதான் திரையில் தெரியும்; தெரிந்ததும் வேங்கைக்காரர்கள் தங்கள் படைகளை உள்ளே நகர்த்திக்கொள்ளலாம். அதற்கு யாராவது திரைக்கு முன்னால் இருக்க வேண்டும். பருந்தின் படைகள் கிளம்ப சரவணக்குமார் ஒரு நேரம் குறித்துக் கொடுத்தார். அன்று காலை பருந்தின் படைகள் எல்லாம் கிளம்பின. பெரிய படை பூங்குழலியுடையது. நேரத்தைக் குறித்ததற்கு என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் சரவணக்குமாரே சொன்னார்.

"அனுப்பர்பாளையத்துல இப்பக் கரண்ட் இல்லீங்க பூங்குழலி. ஒருத்தனும் உள்ள வர முடியாது. டைம் பார்த்துத்தான் அனுப்பச் சொன்னேன்."

"நம்முளுக்கும் இப்பக் கரண்ட் இல்லீங்களே சார்," என்றார் பூங்குழலி.

கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு மேசை வரைக்கும் வந்தது.

போரில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று சரவணக்குமார் கேட்டார். நாமா கரண்டை நிறுத்தினோம் என்றார். அது உண்மைதான். பூங்குழலி, "இதுல ஜெயிச்சா டீசல் ஜெயிச்ச மாதிரிங்க சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் படையைத் திருப்பிக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினார்.

[இந்த இடத்தில் அவர் மனம் என்ன பாடுபட்டது என்று நீளமாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். கேட்டதற்கு, "பாதிச் சாப்பாட்டோட டப்பாவ மூடிட்டேனுங்க. அப்பறம் மெயில் அடிக்கப் போயிட்டேன்," என்றார். பத்தியை எடுத்துவிட்டேன்.]

பெரிய படை இல்லாமல் மற்ற படைகள் போய் மோதின. கோட்டையில் இருந்த கொஞ்சக் காவலே அவற்றை அழித்துவிட்டது.

5

அடுத்த வாரம் பூங்குழலியை, மாதிரி உடுப்புகள் தைக்கிற சாம்பிள் ரூமுக்கு மாற்றினார்கள். அனுபவமுள்ள ஆள் அங்கே வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. வாடிக்கையாளர்கள் தன் பெயருக்கே மெயில் அனுப்புகிற இடத்துக்கு வர அவர் சில வருடங்கள் உழைத்திருந்தார். இனி அந்த மெயில்கள் வேறொருவருக்குப் போகும்.

இந்தக் கதைக்கு சரவணக்குமாரை வில்லனாக்கினால் எனக்குச் சுலபம். அவரையும் பார்த்துப் பேசியதால் முடியவில்லை.

"அவங்க பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேனுங்க," என்றார். "ஆனா எங்க பசங்க மாசக்கணக்காக் கட்டுன படைங்க அது. பசங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கோவத்தை நான் ஆபீசுக்குக் கொண்டுட்டு வந்திருக்கக் கூடாது."

அவருடைய அந்தப் பேச்சை என்னால் தள்ளிவிட முடியவில்லை. தன் படையைத் திருப்பப் பூங்குழலிக்கு உரிமை உண்டு. கூட வந்தவர்களின் படை? பூங்குழலியிடம் இதைக் கேட்டபோது, அதுதான் தன்னை இன்றைக்கும் உறுத்துகிறது என்றார்.

6

கரண்ட் வந்து சென்டரைத் திறந்ததும் லிங்கசாமி பார்த்தது பருந்தின் தோல்வியைத்தான். முதல் துவைப்பிலேயே இன்டர்லாக்குக்குச் சாயம் போய்விட்டது என்று பலகையில் எழுதினார். வேங்கைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் சரவணக்குமார் அதே பலகையில் நடந்ததை எல்லாம் கொட்டினார்: கரண்ட் இல்லாமல் கிடந்தவர்களைப் பார்த்துத் தங்கள் தலைமை இரக்கப்பட்டதாம், தானும் தன் ஆட்களும் விலகுகிறார்களாம்.

லிங்கசாமி தன் கேலியை அழித்தார். இன்டர்லாக்குக்குத் தனியாக எழுதினார்: "அண்ணா, எனக்குத் தெரியாதுங்க. எழுதுனதுக்கு மன்னிச்சுக்கங்க."

பதில் உடனே வரவில்லை; பூங்குழலி அதற்குள் கம்ப்யூட்டர் இல்லாத சாம்பிள் ரூமில் இருந்தார். வேலை முடிந்து நல்லூர் பிரவுசிங் சென்டருக்குப் போக முடிந்த நாளில்தான் பூங்குழலி அதைப் படித்தார்.

"அண்ணா இல்லீங்க, அக்கா. பரவால்லீங்க."

அதைத் திரும்பத் திரும்பப் படித்ததாக லிங்கசாமி சொன்னார். பிறகு தன் அணியைக் கூப்பிட்டு, கோட்டைக்காக ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஏரியாவிலும் கரண்ட் இருக்கிற நேரத்தில் மறுபடி சண்டை என்றார். பருந்தில் எத்தனை பேர் மிச்சமோ, வேங்கையிலும் அத்தனை பேர்தான் இறங்க வேண்டும். கையில் இருக்கிற வெற்றியை யாராவது பணயம் வைப்பார்களா என்று பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். இனிமேல் சொம்பு தலைவர் இல்லை என்றுகூட ஒருவன் சொன்னான்.

"சரி, வேற ஆள வெச்சுக்கங்க," என்றார் லிங்கசாமி. "ஆனா அவிங்க உட்டுக் குடுத்த கோட்டைய வெச்சுக்கிட்டு நாம ஜெயிச்சோம்னு என்னால சொல்லிக்க முடியாதுடா."

வேறு ஆள் வைக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

7

இனி முடிவு. நான் எழுதிப் பார்த்தவை:

(அ) ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் சந்திக்கிறார்கள், காதல்— இல்லை. பூங்குழலிக்கு அதற்கு முன்பே நிச்சயமாகியிருந்தது.

(ஆ) சரவணக்குமார் மனம் மாறிப் பூங்குழலியைப் பழைய இடத்தில் உட்கார— இல்லை. பூங்குழலிதான் வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போனார். போன இடத்தில் மேலேயும் வந்தார்.

(இ) சண்டை நடுவில் கரண்ட் போய்— நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நானும்தான். கரண்ட் போகவே இல்லை.

நடந்தது இது. படைகளை முன்னதாகவே நடுக்கோட்டைப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, லிங்கசாமி அனுப்பர்பாளையத்து சென்டரிலும் பூங்குழலி நல்லூர் சென்டரிலும் உட்கார்ந்தார்கள். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் விளையாடினார்கள். அப்படி ஒரு சண்டை அதற்கு முன்னும் பின்னும் விளையாடியதில்லை என்று இருவருமே சொன்னார்கள். சாயங்காலம் சீசன் முடிந்தது.

யார் ஜெயித்தது என்று லிங்கசாமியிடம் கேட்டேன்.

"அக்காதானுங்க. நல்லா ஆடுனாங்க."

பூங்குழலியிடம் கேட்டேன்.

"சொம்புதாங்க ஜெயிச்சாரு. அதுல என்னங்க சந்தேகம்?"

நீங்கள்தான் ஜெயித்ததாக அவர் சொல்கிறாரே என்றேன். "அவரு அப்படித்தானுங்க சொல்லுவாரு," என்றார்.

சரிபார்க்க வழியில்லை. அந்த விளையாட்டை நடத்தியவர்கள் எப்போதோ மூடிவிட்டார்கள். வெற்றி பெற்ற அணியின் பெயர் நின்ற பக்கம் இப்போது திறப்பதில்லை. சரவணக்குமார் அன்றைக்கு விளையாட்டுப் பக்கமே போகவில்லையாம். கூட விளையாடியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கலாம். நான் தேடவில்லை. ஆகவே கடைசி வரியில் இடம் விட்டிருக்கிறேன்:

அந்த ஞாயிற்றுக்கிழமை நடுக்கோட்டையைப் பிடித்தது ______________.

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். யார் பெயரை எழுதினாலும், அந்தப் பெயருக்கு உரியவரே அதை அடித்துவிடச் சொல்வார்.