பத்தொன்பதாம் அத்தியாயம்

ராக்கப்பனின் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டைகளை அண்டக் கொடுத்துவிட்டு, ஐந்து நாள் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இருமக் கூடாது, தும்மக் கூடாது, அழக் கூடாது. தையல் விட்டால் கண் போய்விடும். 1964 மாசி மாதம், இராமநாதபுரத்தில் ஒரு சத்திரத்துக் கூடத்தில் நடந்த கண் முகாம் அது. புரை எடுத்த நாற்பது பேர் இரண்டு கண்களிலும் கட்டோடு பாய்களில் வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். ஈரமான பிணவறை போல முதலில் தோன்றும். பிறகு யாராவது வெற்றிலை கேட்பார்கள், அந்த எண்ணம் கலைந்துவிடும்.

துணையாள் இல்லாவிட்டால் ஆபரேஷன் இல்லை என்பது முகாமின் விதி. ராக்கப்பனின் மகன் வேல்சாமிக்கு மிளகாய்ப் பழம் பறிக்கும் சமயம். மருமகள் பிள்ளை பெற்று எட்டு நாள். வேறு வழியில்லாமல் ராக்கப்பனின் அண்ணன் மகள் உலகம்மாளைக் கேட்டார்கள். இராமநாதபுரத்தில்தான் அவள் புருஷன் பஸ் கண்டக்டராக இருந்தான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் சின்னய்யா வீட்டுக்கு ஒருமுறைகூட வராதவள் மறுபேச்சில்லாமல் சரி என்றது வேல்சாமிக்கே ஆச்சரியம். மாற்றுச் சேலை, கஞ்சித் தூக்கு, ‘கிளிஞ்சல் கோட்டை’ என்ற சிறுவர் நாவல் ஒன்று, இவற்றோடு அவள் வந்து உட்கார்ந்தாள்.

அந்தப் புத்தகத்தை அவள் முதலில் பார்த்தது பன்னிரண்டு வயதில், அபிராமத்தில். தகப்பன் செத்த பிறகு சின்னய்யா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். கூடப் படித்த நூர் நிஷாவுக்கு அவள் வாப்பா ரங்கூனிலிருந்து வரும்போது கொண்டுவந்த புத்தகம் அது. நான்கு நாள் தவணையில் இரவல் கொடுத்திருந்தாள். ராக்கப்பன் சந்தையில் மிளகாய் விதை விற்பவர். காகிதம் கிடைக்காத காலம். பொட்டலம் கட்டுகிறவர்கள் புத்தகத்தைப் பின்னாலிருந்துதான் கிழிப்பார்கள். அட்டையோடு ஒட்டிய பக்கம் சுலபமாக வரும். உலகம்மாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பத்தொன்பதாம் அத்தியாயம் வரைதான் மிச்சம் இருந்தது. சந்தைக்கு ஓடினாள். விதை வாங்கிப் போகிறவர்கள் பின்னாலேயே போய்ப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சினாள். ஒருவரும் பிரிக்கவில்லை. பொட்டப்பிள்ளைக்குப் பொஸ்தகம் என்னத்துக்கு என்று ராக்கப்பன் எல்லார் முன்னாலும் சிரித்தார். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தை விட்டும் நிறுத்தினார். கிழிந்த புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டியபோது நூர் நிஷா வாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கடையில் அதே புத்தகத்தின் புதுப் பதிப்பைப் பார்த்து வாங்கினாள். ஒன்பதாம் பதிப்பு என்று போட்டிருந்தது. அவள் மகள் பூமயில் அதை இதற்குள் நான்கு முறை படித்துவிட்டாள்.

முதல் நாள் ராக்கப்பன் கட்டைச் சொறியப் போனதால் அவர் கைகளைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பொழுது போகாமல் முனகினார். இரண்டாம் நாள் காலையில் உலகம்மாள் கதை படிக்கவா என்று கேட்டாள். சின்னப்பிள்ளைக் கதையா என்று அலட்சியமாகச் சொன்னவர் மூன்றாம் அத்தியாயத்தில் பேச்சை நிறுத்தினார். ஒன்பதாவதில், முடிகிறவரை கஞ்சி வேண்டாம் என்றார். கதை பழையது, எளியது. செண்பகம் என்ற அநாதைப் பெண். அவளோடு ஓர் ஆட்டுக்குட்டி. கிளிஞ்சல் சுண்ணாம்பால் கட்டிய பாழடைந்த கோட்டை. அதைத் தனக்கே எடுத்துக்கொள்ளப் பார்க்கும் சித்தப்பன். பக்கத்துப் பாய்க்காரர்களும் காது கொடுத்தார்கள். அடுத்த பாயில் கிடந்த, கீழக்கரையில் சங்கு குளிக்கிற அலியார், அலை வருகிற இடங்களில் எல்லாம் இது சரி, இது தப்பு என்று தீர்ப்புச் சொன்னார். நான்காம் நாள் மத்தியானம் மொத்தக் கூடமும் கேட்டுக்கொண்டிருந்தது.

“அந்தச் சித்தப்பன் பய வெளங்குவானா?” என்று ராக்கப்பன் பல்லைக் கடித்தார். “தகப்பனில்லாத பிள்ளைய இப்பிடியா செய்வான்?”

உலகம்மாள் படிப்பதை நிறுத்தி, கட்டுக்குக் கீழே தெரிந்த அவர் வாயைப் பார்த்தாள். அதில் ஒரு கூச்சமும் இல்லை. அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. மெய்யாகவே கோபப்பட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அவளுக்குள் இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அப்போதே போயிற்று. அவள் தொடர்ந்தாள். சித்தப்பன் செண்பகத்தைக் கடற்கரைக் குகையில் தள்ளி வாயிலைக் கல்லால் அடைத்துவிட்டுப் போகிறான். கடல் ஏறுகிறது. தண்ணீர் அவள் முழங்காலைத் தொடுகிறது. உலகம்மாள் புத்தகத்தை மூடினாள்.

“பெறகு?” என்றார் ராக்கப்பன்.

“அம்புட்டுத்தான் சின்னய்யா.”

“தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சுங்கிற. அதோட எப்பிடி முடியும்?”

“எனக்கு இங்கனதான் முடிஞ்சுச்சு. மிச்சத்த நீங்க வித்துட்டீக. அபிராமம் சந்தையில, மிளகா வெதையோட.”

கூடத்தில் யாரோ விசிறிக்கொண்டிருந்த ஓலை நின்றது. “இதுக்காகவா வந்த?” என்று கேட்டார் ராக்கப்பன்.

“இதுக்குத்தான் வந்தேன்.”

அலியார் தலையைத் திருப்பாமல் முகட்டைப் பார்த்துச் சொன்னார். “தங்கச்சி, உமக்கும் உங்க சின்னய்யாவுக்கும் ஆயிரம் இருக்கும். நாங்க என்ன பாவம் செஞ்சோம்?”

எதிர் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், அந்த ஆட்டுக்குட்டியாவது பிழைத்ததா என்று கேட்டது.

“விடுங்க பாய்,” என்றார் ராக்கப்பன். குரலில் பழைய சந்தைக்காரர் வந்துவிட்டிருந்தார். “அந்தப் பிள்ள செத்துருக்கும். பொட்டப்பிள்ள குகைக்குள்ள என்னத்தச் செய்யும்? சித்தப்பன்காரன் கோட்டைய எடுத்திருப்பான். கதை முடிஞ்சுச்சு.”

அலியார், சாவுச் செய்தி கேட்டவர் போல, மெல்ல “இன்னாலில்லாஹி” என்றார். எதிர் வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்ச, அழக் கூடாது என்று அவளுடைய துணையாள் அதட்டினாள். ராக்கப்பன் கெஞ்சுவார், திட்டுவார், மன்னிப்புக்கூடக் கேட்கலாம் என்றெல்லாம் உலகம்மாள் யோசித்து வைத்திருந்தாள். செண்பகத்தைக் கொன்றுபோடுவார் என்று நினைக்கவில்லை. கடைசிப் பக்கங்கள் கையில் இல்லாத அத்தனை வருஷமும், அடுப்படியிலும் காட்டிலும், அவளாகவே ஏழெட்டு முடிவுகள் கட்டியிருந்தாள். ஒன்றில்கூட அந்தப் பெண் சாகவில்லை. இப்போது நாற்பது பேர் அவள் செத்துவிட்டதாக நம்பிப் படுத்திருக்கிறார்கள். அதையும் இவரே முடித்துக் கொடுத்துவிட்டார்.

எழுந்துபோய் மருந்து கட்டுகிற மேஜையிலிருந்து பஞ்சு எடுத்து வந்தாள். இரண்டு உருண்டைகளாக உருட்டினாள். மணல் மூட்டையைச் சற்று விலக்கி, ராக்கப்பனின் ஒரு காதில் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

“என்னத்தா செய்யிற?”

“அசையக் கூடாது சின்னய்யா,” என்று சொல்லி மறு காதையும் அடைத்தாள். பஞ்சின் மேல் துண்டைச் சுற்றினாள். மூட்டைகளை முன்பைவிட நெருக்கி வைத்தாள். கட்டிய கைகள் துணிக்குள் ஒருமுறை முறுக்கிக்கொண்டன.

பிறகு கூடத்தின் நடுவில் போய் நின்று இருபதாம் அத்தியாயத்தைப் பிரித்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். நாற்பது பேரும் மூச்சை அடக்கிக் கிடந்தார்கள். ராக்கப்பனின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அவர் தன் குரலின் அளவு தெரியாமல், “பெறகு? பெறகு?” என்று கூவிக்கொண்டிருந்தார். அவள் அந்தக் குரலுக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

தண்ணீர் இடுப்புக்கு வருகிற இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள். அலியாரின் கை பாயை விட்டு நகர்ந்து, தடவித் தடவி, ராக்கப்பனின் கட்டிய கையைக் கண்டுபிடித்திருந்தது. மணிக்கட்டில் ஒரு விரலை வைத்து, அவள் படிக்கப் படிக்க, தண்ணீர் ஏறுகிற அளவுக்கு அதை மேலே கொண்டுபோய் அவருக்குக் காட்டினார். ராக்கப்பன் கூவுவதை நிறுத்தினார். உலகம்மாள் ஒரு கணம் நின்றாள். பக்கத்தைத் திருப்பினாள். நீர் செண்பகத்தின் கழுத்துக்கு வந்தது. விரல் முழங்கைக்கு மேலே ஏறி நின்றது. அந்த விரலுக்குக் கீழே தோல் துடித்துக்கொண்டிருக்க, ராக்கப்பன் வாயைத் திறந்தபடி கிடந்தார்.