பங்காளிகள்

கிருமி ஏற்றிய ஒன்பதாம் நாள் காலை கூண்டின் மூடியைத் திறந்தபோது எலிகள் ஓடவில்லை. கை தெரிந்ததுமே மரத்தூளுக்குள் பாய்ந்து மறைகிறவை, இன்று முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. விலா ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. ஆய்வகத்தின் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“நாலு வருஷமா இதைத்தானே கேட்டீங்க மேடம். வந்துடுச்சு.”

சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. முடியவில்லை. மனிதரைப் போல நோய்ப்படும் ஓர் எலிக்காகத்தான் இத்தனை பாடு. நுரையீரலில் வருடக்கணக்காகக் குடியிருந்து ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் கிருமி அது. எலிக்கு அதைக் குறைவாகக் கொடுத்தால் இரண்டே நாளில் உதறிவிட்டு ஓடியாடும். அளவு கூடினால் மறுநாளே செத்துக் கிடக்கும். இழுத்துக்கொண்டு கிடக்கும் நோயை எலிக்கு வரவழைக்க முடியாதபோது அதற்கான மருந்தை எதில் போட்டுப் பார்ப்பது? கடைசியாக, கடற்பாசிப் பசையில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் செய்து, கிருமியை அதற்குள் பொதிந்து, எலிகளை மயக்கி மூச்சுக்குழாய் வழியாக இறக்கினாள். எலியின் உடம்பால் அதை வெளியே தள்ள முடியவில்லை. கிருமி தங்கிவிட்டது.

அதே கிருமி அவள் தம்பியின் நெஞ்சிலும் தங்கியிருந்தது. பிறவியிலேயே சளி கெட்டிப்படும் நோய் அவனுக்கு. அவள் இந்த வேலைக்கு வந்ததே அவனுக்காகத்தான். இப்போது அவன் ஆஸ்பத்திரியில் படுத்து மூன்றாவது வாரம். இருந்த மருந்துகளெல்லாம் கைவிட்டுவிட்டன.

அன்றே பன்னிரண்டு எலிகளை இரண்டாகப் பிரித்தாள். ஆறுக்குப் புது மருந்து, ஆறுக்கு வெறும் உப்புநீர். மூன்றாம் நாள், மருந்து போட்ட ஆறும் தீவனத்தைக் கொறிக்கத் தொடங்கின. அவள் கதவைச் சாத்திவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து அதே மருந்தில் ஒரு சின்னக் குப்பியை எடுத்து, பனிக்கட்டியில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள்.

“என் பங்காளிங்க எப்படி இருக்காங்க?” என்றான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தம்பி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினான்.

“மருந்து போட்டதெல்லாம் சாப்பிடுதுடா.”

அவன் பார்வை அவள் பையில் நின்றது. அவள் அதை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“கொண்டு வந்திருக்க.”

“இது எந்த மனுஷனுக்கும் போட்டதில்லடா. இன்னும் எத்தனையோ சோதனை இருக்கு.”

“எத்தனை வருஷம்?”

அவள் பைக்குள் கையை விட்டுக் குப்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

“எலிக்கு இருக்கிற அவகாசம் எனக்கு இல்லக்கா. போடு.”

மருந்தை ஊசியில் ஏற்றினாள். வேலை போகும், ஜெயிலுக்குக்கூடப் போகலாம்; அதெல்லாம் எங்கோ தொலைவில் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. அவன் கையில் இறங்கும் குழாயின் இணைப்பைப் பிடித்தாள். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கட்டைவிரல் அசையவில்லை.

“மூணு நாள்தான்டா ஆச்சு. நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டு வரேன்.”

“ஒரு நாள்ல என்ன தெரிஞ்சிடப் போகுது?” என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். எவ்வளவு சண்டையிலும் அவளுக்கு முதுகு காட்டாதவன்.

மறுநாள் காலை, மருந்து போட்ட ஆறில் மூன்று செத்துக் கிடந்தன. அறுத்துப் பார்த்தாள். கிட்னி இரண்டும் சாயம் போன துணிபோல வெளுத்திருந்தன. நுரையீரல் மட்டும் சுத்தமாக, இளஞ்சிவப்பாக, நோயே வராத எலியினுடையதுபோல இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கையுறையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அளவைக் குறைச்சுப் பாக்கலாம் மேடம்,” என்றார் எலிக்கூடக்காரர், அவளைப் பார்க்காமல். “எலி நிறைய இருக்கு.”

எலி இருந்தது. நாள்தான் இல்லை.

தம்பியின் அழைப்பு வந்தது. எடுத்தாள்.

“சொல்லுக்கா.”

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. “மூணு போயிடுச்சுடா. கிட்னி தாங்கல.”

அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. கரகரத்து ஏறி, பாதியில் நின்று, மறுபடி ஏறியது.

“நேத்து போட்டிருந்தா…” என்று தொடங்கியவன் அதை முடிக்கவில்லை. “மிச்சம் மூணு இருக்குல்ல. என்ன பண்ணுது?”

அவள் முழங்காலில் எழுந்து கூண்டைப் பார்த்தாள். இரண்டு அசையாமல் கிடந்தன. ஒன்று பின்னங்கால்களில் தள்ளாடி நின்று தண்ணீர்க் குழாயை நக்கிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு தண்ணி குடிக்குது.”

அவன் போனை வைக்கவில்லை. தலைகீழாகத் தொங்கிய தண்ணீர்ப் புட்டிக்குள் ஒரு காற்றுக்குமிழி மெல்ல மேலேறியது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுத்த மூச்சு கேட்பதற்காக அவள் காத்திருந்தாள்.