இசுமோவுக்குப் புறப்படுகிறவள்

"அத்தனை சாமியும் ஒரே ஊர்ல கூடினா உட்கார இடம் இருக்குமா? சும்மா அளக்காதே."

"இருக்கும்டா. பெரிய மலைச் சாமிங்களுக்கு முன்வரிசை. என்னை மாதிரி சில்லறைச் சாமிங்களுக்குத் தூணுக்குப் பின்னால. மேடையில என்ன பேசுறாங்கன்னே காதுல விழாது."

சொல்லிவிட்டு இசோஹிமே, ஷூஹெய் வாங்கி வந்திருந்த பன்றிக்கறி பன்னை முகத்தருகே பிடித்து ஆவியை ஆழமாக இழுத்தாள். அவள் சாப்பிடுவது அவ்வளவுதான். அதன்பின் பன் அப்படியே அவன் கைக்கு வந்துவிடும், உப்பும் சூடும் போய், நனைந்த பஞ்சு மாதிரி. அதை அவன் ஒருநாளும் எறிந்ததில்லை.

மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே, பாறையை ஒட்டி நிற்கும் சிறிய கோயில் அவளுடையது. ஷூஹெய் பள்ளியில் கடைசி வருஷம். மணி அடித்ததும் நேரே இங்கே ஏறி வந்துவிடுவான். வேறு யார் கண்ணுக்கும் அவள் தெரிவதில்லை. இந்த வசந்தத்தில் மழைக்கு ஒதுங்கியவனை, "டேய், ஷூவோட ஏறாதே!" என்று ஒரு பெண்குரல் அதட்டியது. அதில் தொடங்கிய பழக்கம்.

"சரி, எப்போ கிளம்புறே?"

"பொழுது சாய்ஞ்சதும்."

"இசுமோவிலேர்ந்து எனக்கு ஏதாவது வாங்கிட்டு வா."

"இந்தத் தடவை உனக்காகத்தான் போறேன்." அவள் சிரிக்கவில்லை. "போன இலையுதிர் காலத்துல இந்த வாசல்ல நின்னு கைதட்டிக் கும்பிட்டு என்ன கேட்டே, ஞாபகம் இருக்கா?"

அவன் முகம் காது வரை சிவந்தது. தன் வகுப்புப் பெண், பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கும் கோதோனே, தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும், தனக்கே கிடைக்க வேண்டும் என்று கேட்டிருந்தான்.

"அப்போ நீ இங்கே இருக்கேன்னு எனக்குத் தெரியாதே!"

"சாமி இருக்கான்னு தெரியாமத்தான் எல்லாரும் வேண்டுறாங்க."

வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் இசுமோ பெருங்கோயிலில் நாட்டுச் சாமிகள் எல்லாம் கூடி, யாருக்கு யார் என்று முடிவு செய்வது வழக்கம். தன் எல்லைக்குட்பட்டவர்களுக்காக அந்தந்த ஊர்ச் சாமி பேச வேண்டும்.

"போன கூட்டத்துல தொண்டை கிழியக் கத்தினேன். ஒத்திப் போட்டாங்க. இந்த வருஷம் சரின்னு முன்னாலேயே சொல்லி அனுப்பிட்டாங்க. உங்க ரெண்டு பேரையும் சேர்க்கிற நூலை எடுத்து வச்சாச்சு. என் கையால முடிச்சுப் போட வேண்டியதுதான் பாக்கி." அவள் அவன் தோளில் கிடந்த பைன் மர ஊசியிலையைத் தட்டிவிட்டாள். "நேத்து அவளா வந்து குடை கொடுத்தாளே, ஏன்னு நினைச்சே? உன் மூஞ்சிக்காகவா?"

"முடிச்சு விழுந்தா என்ன ஆகும்?"

"நல்லது ஆகும். நல்ல பொண்ணுடா. உன்னைவிட கெட்டிக்காரி."

"உனக்கும் எனக்கும் என்ன ஆகும்னு கேட்டேன்."

கீழே ஒரு படகு துறைக்குள் திரும்பியது. அவள் அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"முடிச்சு விழுந்தவங்க கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன். நீ படியேறி வருவே. யாரும் இருக்க மாட்டாங்க. கொஞ்ச நாள்ல எதுக்கு வந்தோம்னே மறந்துடும்."

"அப்போ போடாதே."

"வேண்டிட்டு மறக்குறது மனுஷங்களால முடியும். கேட்டுக்கிட்ட என்னால முடியாது."

"நான் உன்னை மறக்கணும்னு உனக்கு ஆசையா?"

"என் ஆசையை நான் எந்தக் கோயில்ல போய் வேண்டுறது?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"வேண்டினதை மாத்த வழியே இல்லையா?"

"வேண்டினவனே அதே வாசல்ல முறைப்படி நின்னு மறுபடி வேண்டணும். கேட்டுக்குவேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேன். உள்ளே போயிட்டா நான் சாமிதான்."

எழுந்து உள்ளே போனாள். மரச்சட்டக் கதவு தானாக மூடிக்கொண்டது. அதன் இடுக்குகளில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

ஷூஹெய் கல்தொட்டிக்குப் போய்க் கைகளைக் கழுவினான், வாய் கொப்பளித்தான். அவளோடு பழகத் தொடங்கிய பிறகு இதையெல்லாம் அவன் செய்ததே இல்லை. காணிக்கைப் பெட்டியில் காசு போட்டான். கயிற்றை அசைத்ததும் மணி கரகரத்தது. இரண்டு முறை குனிந்தான், இரண்டு முறை கைதட்டினான். இவ்வளவு நாள் 'நீ' என்று கூப்பிட்ட வாய், இப்போது தடுமாறியது. முன்பின் தெரியாத சாமியிடம் சொல்வது போலப் பெயரையும் தெருவையும் சொன்னான்.

"சாமி, நான் நோசே ஷூஹெய். மீன் ஏலக் கூடத்துக்குப் பின் தெரு. போன வருஷம் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். எனக்காக நீங்க எவ்வளவோ பேசியிருக்கீங்க. கோதோனேவுக்கு நல்லவனா ஒருத்தன் கிடைக்கட்டும். எனக்கு அந்த முடிச்சு வேணாம். வேற யாரும் வேணாம். என் கண்ணுலேர்ந்து மட்டும் உங்களை எடுத்துடாதீங்க."