சேவல் சத்தியம்

சாட்சி சொல்ல வந்த மாக் திம், நீதிமன்றத்தில் சேவலின் தலையை ஒரே வெட்டில் துண்டித்தபோது, வெள்ளைக்கார நீதிபதி தன் கால்சட்டையில் ரத்தம் தெறிக்காதபடி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். அந்தச் சத்தியத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். சீனன் வாயிலிருந்து உண்மை வரவேண்டுமானால் சேவலை வெட்டச் சொல்ல வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். எந்தச் சாமி முன்னால் வெட்ட வேண்டும் என்பதை மட்டும் அந்தப் புண்ணியவான் சொல்லாமல் விட்டுவிட்டான்.

"உப்புக் கப்பலைக் கொள்ளையடிச்சு எரிச்ச அஞ்சு பேர்ல இவனும் ஒருத்தன். என் கண்ணால பார்த்தேன்" என்று திம் கை நீட்டினான். நீட்டிய இடத்தில் கம்சூய் நின்றிருந்தான், இருபது வயதுப் பையன். கப்பல் எரிந்த அன்றைக்கு அவன் தன் அக்கா லோய்ஹோவின் படகில் உட்கார்ந்து நண்டுக்கூடை பின்னிக்கொண்டிருந்தான். அதை லோய்ஹோ சொன்னாள், கத்தினாள், தரையில் விழுந்து கும்பிட்டாள். அக்கா சொல்வது அம்பலம் ஏறுமா? மூன்றாம் நாள் காலை தூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது.

ஹாங்காங் தீவில் வெள்ளைக்காரன் கொடி ஏறி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சிறை வந்துவிட்டது, சவுக்கடிக் கம்பம் வந்துவிட்டது, தூக்குமரமும் வந்துவிட்டது. சாக்கடைதான் இன்னும் வரவில்லை. திம்மும் லோய்ஹோவைப் போலப் படகில் பிறந்து படகில் வளர்ந்தவன்தான். போலீசுக்குத் துப்புச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து செருப்புப் போட்டுக்கொண்டு கரையில் நடக்கிறான்.

அன்று மத்தியானம் சந்தையில் அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது லோய்ஹோ எதிரே போய் நின்றாள்.

"என்னடா திம், கோர்ட்டுல வெட்டின சேவலைக் கறி வெச்சுத் தின்னாச்சா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பன்றிக்கறி வெட்டும் லாவ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான்.

"போக்கா, வேலையைப் பாரு. சத்தியம் பண்ணித்தானே சொன்னேன்?"

"எந்தச் சாமி பார்த்துச்சு? சுவத்துல மாட்டியிருக்கே ஒரு வெள்ளைக்காரி படம், அவளா? நாளைக்குக் காலைல தின்ஹாவ் அம்மன் கோயிலுக்கு வா. கடல்ல உன்னையும் என்னையும் காப்பாத்துறவ அவதான். அவ முன்னால சேவலை வெட்டி, என் தம்பி கொள்ளைக்காரன்னு சொல்லு. கயித்தை நானே திரிச்சுத் தரேன்."

திம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். படகுச் சனத்துக்கு, அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டும் வராதவன் குற்றவாளி. அதற்குமேல் விசாரணையே கிடையாது. அவன் படகுக்குப் பக்கத்தில் யாரும் படகு கட்டமாட்டார்கள், அவன் வலையைத் தொடமாட்டார்கள். முழுச் சந்தையும் அவன் முகத்தையே பார்த்தது. "வரேன், போ" என்றான்.

லோய்ஹோ அன்று சாயங்காலமே படகு படகாகப் போய்ச் சொன்னாள். "அவன் பின்வாங்கினா அப்படியே கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அங்க வந்து அவன் வாயாலேயே மாத்திச் சொல்லணும். யாரும் அவன்மேல கை வெக்கக் கூடாது, ஆமா. அவன் வாய் எனக்கு வேணும்."

எல்லோரும் சரி என்றார்கள். லாவ்கூட, "ஒரு தட்டு தட்டக்கூடவா கூடாது?" என்று கேட்டுவிட்டு, அவள் பார்த்த பார்வையில் அடங்கிப்போனான்.

மறுநாள் காலை கோயில் முற்றத்தில் ஊசி விழ இடமில்லை. பூசாரி ஊதுபத்தி ஏற்றிச் சத்திய வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தார். "நான் பொய் சொல்லியிருந்தால் இந்தச் சேவலைப் போல என் தலை போகட்டும். என் வம்சம் கடலோடு போகட்டும்." திம்முக்கு ஆறு மாதத்தில் ஒரு ஆண் குழந்தை இருந்தது. முதல் பாதியைக் கடகடவென்று சொல்லிவிட்டான். வம்சம் என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தான், மறுபடியும் நின்றது. சேவல் அவன் பிடியிலிருந்து நழுவிப் பலிமேடைக்குக் கீழே ஓடிப்போனது. திம் மண்டியிட்டான்.

"என்னால முடியலக்கா. போலீஸ்ல அஞ்சு பேர் வேணும்னாங்க. நாலு பேர்தான் ஆப்பிட்டாங்க. அஞ்சாவது ஆளைக் காட்டு, இல்லேன்னா நீதான் அந்த அஞ்சாவதுன்னாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"கோர்ட்டுல வந்து இதைச் சொல்லு" என்றாள் லோய்ஹோ. குரல் நிதானமாகத்தான் இருந்தது. "எந்திரி. இப்பவே போலாம்."

அந்தப் பாவி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உன் தம்பிக்குப் பொண்டாட்டி புள்ள இல்லையேக்கா" என்றான். "அழறதுக்கு யாருமில்லாத ஆளாப் பார்த்துத்தான் சொன்னேன்."

அழ யாருமில்லையாம்! தாய் போன பிறகு, ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்புக் கயிற்றில் கட்டி வளர்த்தவள் திம்மின் எதிரில் நிற்கிறாள். லோய்ஹோவின் இடுப்பில் மீனை மண்டையில் அடிக்கும் கட்டை செருகியிருந்தது. அதை எப்போது உருவினாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டை திம்மின் தாடையில் இறங்கியது. பற்கள் கல்தரையில் சிதறின. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே அளவுதான்.

அதற்குமேல் கூட்டத்தை யார் பிடிப்பது? அவளே அடித்த பிறகு மற்றவனுக்கு என்ன தடை? துடுப்பு வந்தது, செங்கல் வந்தது, ஊதுபத்திச் சட்டி வந்தது. ஒருவன் திம்மின் சடையைக் கையில் சுற்றிக்கொண்டு தலையைப் படியில் மோதினான். லாவ் பெஞ்சைத் தலைக்குமேல் தூக்கினான்.

அப்போதுதான் லோய்ஹோவுக்குப் புத்தி வந்தது. "விடுங்கடா! ஐயோ, இவன் செத்தா என் தம்பி செத்தான்!" என்று அலறிக்கொண்டு திம்மின் மேல் விழுந்தாள். பெஞ்சு அவள் இடது கையில் இறங்கி இரண்டு விரல்களை முறித்தது. செங்கல் ஒன்று காதைக் கிழித்தது. அவள் எழவில்லை. லாவின் கெண்டைக்காலைக் கடித்துத் தசையைப் பிய்த்தாள். உலகத்திலேயே அவள் கொல்ல விரும்பிய ஒரே ஆளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு, தன் சனத்தையே வாய்க்கு வந்தபடி திட்டினாள். ரத்தம் குடிக்க வந்தவர்கள் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு விலகினார்கள்.

திம்மை ஒரு கதவுப் பலகையில் போட்டு நீதிமன்றத்துக்குத் தூக்கிப்போனார்கள். அவன் பேசினான். அதற்காக அவனை மெச்சத்தான் வேண்டும். உடைந்த தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, "பொய் சொன்னேன். அந்தப் பையன் இல்லை" என்று மூன்று தடவை சொன்னான். மக்காவ் ஊரிலிருந்து வந்த துபாஷி அதை ஒரு வார்த்தை குறையாமல் நீதிபதியிடம் சொன்னான்.

நீதிபதி திம்மின் முகத்தையே பார்த்தார். பிறகு துபாஷியிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"அடிச்சு வாங்குன வார்த்தையை ஏத்துக்க முடியாதுங்கறாரும்மா" என்றான் துபாஷி. "முன்னால சேவலை வெட்டிச் சொன்னப்போ இவன் உடம்புல ஒரு கீறல்கூட இல்லையாம்."

"ஐயா, கோயில்ல சொன்னப்பவும் இல்லைங்க! சொன்னதுக்கு அப்புறம்தான் அடி! நூறு பேர் பார்த்தாங்க, கூப்பிட்டுக் கேளுங்க!" என்றாள் லோய்ஹோ.

துபாஷி வாசலுக்குப் போய்ப் பார்த்தான். பலகையைத் தூக்கி வந்தவர்கள்கூட அங்கே இல்லை. சாட்சிக்கு வந்தால், அடித்தது யார் என்ற கேள்வியும் வரும். சவுக்கடிக் கம்பம் வாசலிலேயே நட்டிருந்தது.

"முதல்ல அடிச்சது யாருன்னு கேக்குறார்."

திம் ஒரு கண்ணால் லோய்ஹோவைப் பார்த்தான். மற்றொரு கண் மூடிப்போயிருந்தது. "தெரியலீங்க" என்றான்.

"நான்தான்" என்றாள் லோய்ஹோ. "இவன் உண்மையைச் சொன்னதுக்கு அப்புறம் அடிச்சேன். அம்மன்மேல சத்தியமா, அப்புறம்தான்."

கைதியின் அக்கா சாட்சியை அடித்தாள் என்பது மட்டும்தான் எழுதப்பட்டது. அவளுக்கு ஆறு மாதச் சிறை. தீர்ப்பில் மாற்றம் இல்லை.

அவளை அடைத்த அறையும் தம்பியின் அறையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பொழுது சாய்வதற்குள் கம்சூய் அவள் இருமலைக் கண்டுபிடித்துவிட்டான்.

"அக்கா? நீ எங்க இங்க? திம் கோயில்ல சேவல் வெட்டப் போறான்னு காவல்காரன் சொன்னானே, வெட்டுனானா?"

"வெட்டலடா. உண்மையைச் சொல்லிட்டான். கோர்ட்டுலயும் சொல்லிட்டான்."

"அப்போ என்னை விட்டுருவாங்களா?"

அவள் முறிந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அவனை அடிச்சுட்டேன்டா தம்பி. நான் அடிச்சதால அவன் சொன்னது செல்லாதாம். நான்தான்டா கெடுத்தேன்."

சுவருக்கு அந்தப்புறமிருந்து கம்சூய் கேட்டான்.

"நல்லா அடிச்சியா?"

"நாலு பல்லு போச்சு."

கம்சூய் சிரித்தான். சிரிப்பு நின்று, அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. லோய்ஹோ நெற்றியைச் சுவரில் மோதிக்கொண்டு அதைக் கேட்டாள். அவனுக்காக அழ ஒருத்தி இருந்தாள். காலையில் கதவைத் திறந்து அவனை இழுத்துப்போனபோது, அவள் கத்திய கத்தல் துறைமுகத்தில் கடைசிப் படகுவரை கேட்டது.