பயோடேட்டாவுக்கு எடுத்த படம்

“இதைவிட்டா வேற படம் இல்லையாம்மா?” என்று கேட்டார் அச்சுக்கடைக்காரர்.

நெவேனாவின் கைப்பேசியில் அப்பாவின் முகம் தெளிவாக விழுந்திருந்தது அது ஒன்றில்தான். நேற்று சாயங்காலம் அவளே எடுத்தது. நாளை மதியம் அடக்கம். அதற்குள் ஊரார் கண்ணில் படுகிற இடமெல்லாம் இரங்கல் தாள் ஒட்டியாக வேண்டும். அதையே போடச் சொன்னாள்.

தலைநகர் சோபியாவில், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. இரும்பாலை மூடிய பிறகு அப்பா ஸ்தாமென் எழுதிப் போட்ட எதற்கும் பதில் வரவில்லை. போன வாரம் அவள் உட்கார்ந்து பயோடேட்டாவைத் திருத்தினாள். பிறந்த வருஷம் போயிற்று. ஆலையில் கிரேன் ஓட்டிய காலத்தில் பாதி போயிற்று. உடனே நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கையில் கொண்டுபோகும் பிரதிக்குப் படம் எடுக்க நேற்று ஊருக்கே வந்துவிட்டாள்.

“அறுபதுன்னு மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்குப்பா. மீசைய எடுங்க. முடிக்கு மை போடுங்க.”

“மீசையாடி கிரேன் ஓட்டப் போகுது?” என்று சிரித்தாலும் மீசையை எடுத்து, மையும் போட்டுவிட்டு வந்தார். வீடு மாறி வந்துவிட்டீர்களா என்று கேட்டாள் அம்மா. அந்த வீட்டில் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

இன்று காலை நேர்முகத்துக்குக் கிளம்பியவர் பஸ் நிறுத்தத்து பெஞ்சிலேயே மாரடைப்பில் போய்விட்டார். யாராவது சீக்கிரம் கவனித்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். தெரிந்த முகங்களாகவே போய்வருகிற இடத்தில் எப்படி ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை என்று அம்மா அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசித் தாளைக் குடியிருப்பு வாசல் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பினாள். கீழ்வீட்டு கிர்ச்சோ மாமா, அப்பாவோடு ஆலையில் வேலை பார்த்தவர், நாளெல்லாம் தோட்டத்தில் இருந்துவிட்டு வெங்காயத்தாள் கட்டோடு வந்துகொண்டிருந்தார்.

“நெவேனாவா? எப்ப வந்தே? உங்கப்பன் சொல்லவே இல்ல.” பிறகு தாளைப் பார்த்தார். “யாரும்மா இது? கண்ணாடி எடுத்துட்டுப் போகல.”

படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“அடப் பாவமே. இந்த ஆளக் காலைல பாத்தேன்மா. பஸ் ஸ்டாப்புல சாஞ்சு கெடந்தாரு. கோட்டு சூட்டு, கருகருன்னு முடி. யாரோ வெளியூர்க்காரரு தூங்குறாருன்னு போயிட்டேன். நம்ம ஊருதானா?”

நெவேனா படத்தில் இருந்த மீசையில்லாத முகத்தைப் பார்த்தாள்.

“பேரு என்ன போட்டிருக்கு?”

தாளின் ஒரு மூலை பசை பிடிக்காமல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கிர்ச்சோ மாமா கட்டைக் கீழே வைத்தார். அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் படிப்பதற்காகக் காத்திருந்தார்.